கொழுந்தன் உடைத்த ஆண்டெனா

"போடுங்க!" என்றேன்.

"எதைப் போட?" என்று காருக்குள்ளிருந்து கேட்டார் எங்கள் வீட்டுக்காரர்.

"ரேடியோவைத்தான்! பெறகு சோத்தையா போடச் சொல்றேன்?"

"போட்டுட்டேன்."

"அப்ப ஏன் ஒண்ணும் அசைய மாட்டேங்குது?"

உள்ளே எதையோ தடவுகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "சாவியைத் திருப்பணுமோ?" என்றார்.

மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டுப் போர்டிகோ. வைகாசி மாதத்து வெயில், காலை பத்து மணிக்கே மண்டையைப் பிளக்கிறது. காரின் பின்பக்கம் ஒரு மணைப்பலகையைப் போட்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். சேலையை இழுத்துச் செருகி, தலையில் துண்டைக் கட்டி, கையில் மூக்கு நீண்ட குறடு ஒன்றை வைத்திருக்கிறேன். வியர்வையில் கண்ணாடி நழுவி நழுவி மூக்கு நுனிக்கு வருகிறது. எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட வந்த அம்மா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்.

அறுபத்தொரு வயதுப் பொம்பளை காருக்கு ஆண்டெனா மாற்றினால் பார்க்கத்தான் செய்வார்கள். நன்றாகப் பார்க்கட்டும்.

நாற்பத்து மூன்று வயதில் நான் கார் ஓட்டப் பழகிய கூத்தைக் கொஞ்ச வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்களில் பாதிப்பேர் கேட்ட கேள்வி, "அந்த வெள்ளைக் கார் இப்ப எங்கே?" என்பதுதான். எங்கேயும் போகவில்லை. என் கண் முன்னால்தான் நிற்கிறது. அதை விற்கச் சொன்னவர்கள் எல்லாம் இரண்டு கார் மாற்றிவிட்டார்கள், நான் மாற்றவில்லை. அன்றைக்கு மாற்ற உட்கார்ந்தது ஒரு கம்பியை மட்டும். அந்தக் கம்பிக்காக என் கொழுந்தனை நான் எட்டு மாதம் இழந்திருந்தேன்.

தானே எழும்பும் கம்பி

இந்தக் காலத்துக் கார்களில் ஆண்டெனா கண்ணுக்கே தெரிவதில்லை. கூரை மேல் மீன் துடுப்பு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் காரில் அப்படி இல்லை. சாவியைத் திருப்பி ரேடியோவைப் போட்டால், டிக்கியின் ஓரத்தில் ஒளிந்திருக்கும் சின்ன மோட்டார் 'ங்ஙீ' என்று முனகும். ஒரு வெள்ளிக் கம்பி கிளம்பி வரும். அதற்குள்ளிருந்து இன்னொன்று, அதற்குள்ளிருந்து மெல்லிசாக இன்னொன்று. ரேடியோவை அணைத்தால் அத்தனையும் சமத்தாக உள்ளே போய்விடும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. வாங்கப் போன அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரர் எஞ்சினைப் பார்த்தார், டயரைத் தட்டினார், அடியில் படுத்துக்கூடப் பார்த்தார். நான் கம்பி ஏறியதைப் பார்த்தேன். "இந்த வண்டிதான் வேணும்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் வாங்கினார்.

கம்பியைப் பற்றிப் பேச்செடுத்தால் தெப்பத் திருவிழாவைச் சொல்லாமல் போக முடியாது. ஒரு வருடம் வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். காரைக் கரைக்குப் பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டு, கூட்டம் குறையட்டும் என்று ரேடியோவைப் போட்டுவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். எங்களைக் கவனிக்காத ஒரு பலூன்காரர், கை ஓய்ந்துபோய், தன் கேஸ் பலூன் கொத்தை எங்கள் ஆண்டெனாவில் சுருக்குப் போட்டு மாட்டிவிட்டுப் பீடி பற்ற வைக்கப் போயிருக்கிறார். "சரி, இறங்குவோம்" என்று எங்கள் வீட்டுக்காரர் ரேடியோவை அணைத்தார். கம்பி இறங்கிவிட்டது. பலூன் கொத்து கிளம்பிவிட்டது.

மஞ்சளும் சிவப்புமாக அத்தனை பலூனும் குளத்து நடு மண்டபத்துக்கு மேலே போய்க்கொண்டிருக்கின்றன. பலூன்காரர் எங்கள் சட்டையைப் பிடிக்க வந்துவிட்டார். நானும் சும்மா இருப்பேனா? "யாரைக் கேட்டு என் வண்டியில கட்டுன?" என்று எகிறினேன். அப்போது இடையில் புகுந்தவன்தான் தவமணி.

தவமணி என் கொழுந்தன், எங்கள் வீட்டுக்காரரின் ஒரே தம்பி. பலூன்காரரின் தோளில் கையைப் போட்டு, "அண்ணே, சண்டையை விடுங்க. மேல பாருங்க. சாமி கீழ சுத்துது, உங்க பலூன் மேல சுத்துது. இம்புட்டுச் சனமும் எதைப் பாக்குதுன்னு பாருங்க!" என்றான். அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். குழந்தைகள் எல்லாம் மேலே கையைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தன. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் எங்களோடு உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்.

தவமணி அப்படிப்பட்டவன். நான் கல்யாணமாகி வந்தபோது எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். இப்போது ஐம்பது வயது. பரவை மார்க்கெட்டில் காய்கறி வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருவான். கட்டைப்பையில் காய் இருக்கும். அடுக்களைத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நான் சமைக்கச் சமைக்க அவன் மொச்சையை உரித்துக்கொண்டே மார்க்கெட் கதையைச் சொல்வான். யார் யாரை ஏமாற்றினார்கள், எந்த லாரி கவிழ்ந்தது, தக்காளிக்கு என்ன கொழுப்பு ஏறியது, எல்லாம் வரும். எங்கள் வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தை பேசுகிற ஆள். வாரம் முழுவதும் எனக்குச் சேர வேண்டிய பேச்சு எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும்.

சாட்சியைக் கேட்காத தீர்ப்பு

போன வருடம் சரஸ்வதி பூஜைக்கு மறுநாள், விஜயதசமி. தவமணி காலையில் வந்து கார் சாவி கேட்டான். பரவையில் யாரோ கூட்டாளி வீட்டில் விசேஷமாம். "கொண்டு போ. பத்திரம்" என்று கொடுத்தேன்.

பொழுது சாயத் திருப்பிக் கொண்டுவந்தான். பார்த்தால் கம்பி பாதியில் நிற்கிறது. கொஞ்சம் சாய்ந்தும் நிற்கிறது. நான் உள்ளே உட்கார்ந்து ரேடியோவைப் போட்டேன். 'கடகடகடகட' என்று ஒரு சத்தம் வந்ததே, தெருவே திரும்பிப் பார்த்தது. கம்பி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"என்ன செஞ்ச?"

"நான் அதைத் தொடவே இல்லை மதினி" என்றான் தவமணி. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கும் புத்திக்கும் சம்பந்தம் இருக்காது. இதை இந்தத் தொடரில் ஏற்கெனவே பல தடவை ஒப்புக்கொண்டிருக்கிறேன். "தொடாம தானாவா ஒடைஞ்சுச்சு? குடுத்ததை ஒழுங்காத் திருப்பித் தர்ற பழக்கம் உனக்கு என்னைக்கு இருந்துச்சு? இனிமே என் வண்டியில கை வைக்காத!" என்றேன். அவன் பெண்டாட்டி ஈஸ்வரி பக்கத்தில் நிற்கிறாள். தெருவில் நாலு பேர் நிற்கிறார்கள். எதையும் நான் பார்க்கவில்லை.

அவன் சாவியைப் பானட்டின் மேல் வைத்தான். "வாரேன் மதினி" என்று சொல்லிவிட்டு, ஈஸ்வரியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. தீபாவளி போனது, பொங்கல் போனது. சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே மதுரைக்குள் வந்தது, தவமணி மட்டும் வரவில்லை. அண்ணனோடு போனில் பேசுவான். "மதினி நல்லாருக்காகளா?" என்று கேட்பானாம். அவ்வளவுதான்.

ஜில்லா கோர்ட்டில் முப்பது வருடம் டைப் அடித்தவள் நான். எத்தனை சாட்சி வாக்குமூலம், எத்தனை தீர்ப்பு என் விரல் வழியாகப் போயிருக்கும்! ஒரு கோழி திருடியவனுக்குக்கூட இரண்டு பக்கமும் கேட்டுத்தான் தீர்ப்பு அடித்திருக்கிறேன். அந்த ஞானம் எல்லாம் தவமணி விஷயத்தில் எங்கே போய்த் தொலைந்ததோ. அவன் உடைத்தான் என்று நான் முடிவு கட்டியதுதான், அப்பீலுக்கு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை அடுக்களை வெறிச்சென்று கிடந்ததும் உண்மை. நான் வாயைத் திறக்கவில்லை என்பதும் உண்மை.

எனக்கு வராத பத்திரிகை

இந்த வைகாசியில் எங்கள் வீட்டுக்காரர் ஒரு நாள் மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். தவமணி பரவையில் சொந்தமாகக் காய்கறி மண்டி திறக்கிறான். இத்தனை வருடம் இன்னொருவர் கடையில் பங்குக்கு நின்றவன், இப்போது தன் பெயரைப் போட்டுப் பலகை மாட்டப் போகிறான். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மேல் ஏழரைக்குள்.

"எங்க வச்சுக் குடுத்தான்?" என்று கேட்டேன்.

"பஸ் ஸ்டாப்புல."

எங்கள் பக்கத்தில் விசேஷம் சொல்வதற்கு முறை இருக்கிறது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமாக வீட்டுக்கு வந்து, வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்ல வேண்டும். அதுவும் நான் மூத்த மருமகள். என் வாசலை மிதிக்காமல், பஸ் ஸ்டாப்பில் அண்ணன் கையில் திணித்துவிட்டுப் போயிருக்கிறான் என்றால் என்ன அர்த்தம்? எனக்குச் சுருக்கென்றது. அழுகைதான் முதலில் வந்தது. வந்த அழுகையைக் கோபமாக மாற்றிக்கொள்ள எனக்கு ரொம்ப நேரம் ஆகாது.

"நான் வாரேன்" என்றேன். "காருலதான் வாரேன். அந்தக் கம்பியைச் சரி பண்ணி, முழுசா ஏத்திக்கிட்டுத்தான் அவன் கடை வாசல்ல போயி நிக்கப் போறேன். அவன் ஒடைச்சதை நான் ஒட்ட வச்சதை அவன் கண்ணாலயே பாக்கட்டும்."

"அதுக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு? போயி ஒரு வார்த்தை பேசுனாப் போதாதா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர். அன்றைய நாற்பது வார்த்தையில் ஒன்பது வீண்.

வெளி வீதியில் ஸ்பேர்ஸ் கடைகள் ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். "அக்கா, இந்த ஐட்டம் எல்லாம் வந்து எம்புட்டு வருசமாச்சு! வயரை உருவி விட்டுட்டு ஒரு குட்டைக் கம்பியை ஒட்டித் தாரேன்" என்றார் ஒருவர். இன்னொருவர், "இந்த வண்டி இன்னும் ஓடுதா?" என்றார். அவர் கடைக்கு இனிமேல் போவதாக இல்லை. கடைசியில் போனில் தேடி, எங்கிருந்தோ வரவழைத்தேன். ஒரு டப்பாவில் சுருட்டி மடக்கி வந்தது. பளபளவென்று புதுக் கம்பி, அதன் அடியில் வாலாக ஒரு நீள நைலான் கயிறு. கயிறு நெடுக ரம்பத்துக்கு இருப்பதைப் போல் பற்கள். மோட்டாரிலுள்ள சக்கரம் இந்தப் பற்களைக் கவ்வித்தான் கம்பியைத் தள்ளும், இழுக்கும். கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில் படம் போட்டு விளக்கம்.

மெக்கானிக்கிடம் போகலாம்தான். ஆனால் நானே மாற்றினால்தானே சொல்லிக் காட்டலாம்!

வாசனை

புதன்கிழமை காலை. இந்த அத்தியாயம் தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டோம்.

கம்பியின் அடியில் வெள்ளி நிறத்தில் ஒரு சின்ன மூடி மரை. அதைக் குறடால் திருக வேண்டும். திருகினேன். அது திரும்புவதாக இல்லை. துருவுக்கு அடிக்கிற எண்ணெயை அடித்துவிட்டுக் காத்திருந்தேன். மறுபடி திருகினேன். 'கிறீச்' என்று இளகியது. இனி ரேடியோவைப் போட்டால் மோட்டார் உள்ளேயிருந்து தள்ளும், நான் வெளியேயிருந்து இழுக்க வேண்டும். அதற்காகத்தான் எங்கள் வீட்டுக்காரரை உள்ளே உட்கார வைத்திருந்தேன்.

அவர் ஒருவழியாகச் சாவியைத் திருப்பினார். கடகடகடகட. நான் கம்பியைத் துணியால் சுற்றிப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. காலைப் பம்பரில் முட்டுக் கொடுத்து இழுத்தேன். 'படக்'கென்று மொத்தமும் கையோடு வந்தது. நான் மணைப்பலகையோடு பின்னால் சாய்ந்து மல்லாக்க விழுந்தேன். எதிர் மாடி அம்மா "அய்யய்யோ!" என்று கத்தினார்.

"ஒண்ணுமில்ல, வந்துருச்சு!" என்று படுத்தபடியே கையிலிருந்த கம்பியைத் தூக்கிக் காட்டினேன். அவர் கைதட்டினார்.

கயிறும் அறுபடாமல் முழுசாக வந்திருந்தது. நடுவில் ஒரு சாண் நீளத்துக்குப் பற்கள் மழுங்கிப்போய்க் கிடந்தன. கம்பியின் கணுக்களில் ஏதோ கறுப்பாக, கட்டியாக அப்பியிருந்தது. துரு என்று நினைத்தேன். பழைய கம்பியையும் தவமணிக்குக் காட்ட வேண்டுமே என்று ஈரத்துணியால் துடைத்தேன்.

வாசனை வந்தது.

எண்ணெய் நாற்றத்தைத் தாண்டிக்கொண்டு, நல்ல குளிர்ந்த வாசனை. நான் கம்பியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். நகத்தால் சுரண்டினேன். கறுப்புக்கு அடியில் மஞ்சள் தெரிந்தது. இன்னும் சுரண்டினேன். மஞ்சளுக்கு நடுவில் சிவப்பு. கணுவின் இடுக்கில் சிக்கிச் சுருண்டுகிடந்தது ஒரு துண்டு பூ நார்.

எனக்கு அப்படியே வேர்த்துவிட்டது.

ஆயுத பூஜை அன்றைக்கு எங்கள் வீட்டில் மிக்சிக்கும் சந்தனப் பொட்டு உண்டு, என் தையல் மிஷினுக்கும் உண்டு. போன வருடம் சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே குழைத்துவிட்டேன். காரின் நாலு சக்கரம், ஸ்டியரிங், நம்பர் பிளேட் எல்லாவற்றுக்கும் வைத்த பிறகும் கிண்ணத்தில் மிச்சம். வீணாக்க மனசில்லை. ரேடியோவைப் போட்டுக் கம்பியை முழுசாக ஏற்றினேன். கீழ்க் கணுவில் ஒரு பொட்டு, நடுக் கணுவில் ஒரு பொட்டு, மேல் கணுவில் ஒரு பொட்டு. ஒவ்வொன்றிலும் குங்குமம். நுனியில் ஒரு முழம் கதம்பம். தள்ளி நின்று பார்த்தேன், அம்புட்டு அழகாக இருந்தது. சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, எல்லாம் முடிந்த பிறகு பூவை மட்டும் இழுத்துப்போட்டுவிட்டு ரேடியோவை அணைத்தேன்.

அணைத்தது யார்? நான்தான். அத்தனை சந்தனத்தையும் வாரிச் சுருட்டிக்கொண்டு கம்பி உள்ளே போயிருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாகச் சிமெண்டாக இறுகியிருக்கிறது. மறுநாள் காலையில்தான் தவமணி சாவி கேட்டு வந்தான்.

"என்னாச்சு? போடவா, அணைக்கவா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான் இன்னொரு கணுவையும் சுரண்டினேன். அவரே இறங்கி வந்தார். என் கையைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

"சந்தன வாசம் வருதே" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு திட்டி ஆறியிருப்பேன். அந்த மனுஷன் உள்ளே போய் எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். மோரைக் குடித்துக்கொண்டே அழுதேன். அந்தப் பிள்ளையைத் தெருவில் நிறுத்தி வைத்து என்ன பேச்சுப் பேசிவிட்டேன்!

அழுகைக்கு நடுவிலும் வேலையை விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். புதுக் கயிற்றை ஓட்டைக்குள் விட்டேன். "அணைங்க!" என்றேன். மோட்டார் சுற்றியது, கயிறு மட்டும் உள்ளே போகாமல் ஆடிக்கொண்டே நின்றது. மறுபடி போட்டு மறுபடி அணைத்தோம். மறுபடியும் ஆட்டம். எங்கள் வீட்டுக்காரர் காகிதத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "பல்லு முன்பக்கம் பாக்கணுமாம். நீ பின்பக்கம் பாக்க வச்சிருக்க" என்றார். நான் முறைத்தேன். கயிற்றைத் திருப்பிவிட்டேன்.

"அணைங்க!"

சேமியாவைக் குழந்தை உறிஞ்சுவது போல் கயிறு முழுவதையும் 'சர்ர்ர்' என்று உள்ளே இழுத்துக்கொண்டது. பின்னாலேயே கம்பி ஒன்று, இரண்டு, மூன்று என்று மடங்கி இறங்கியது. மரையைத் திருகி முடுக்கினேன்.

"இப்பப் போடுங்க!"

ஏறியது! என் அப்பனே, என்ன அழகாக ஏறியது! கூடவே ரேடியோவில் ஒருவர் கத்தரிக்காயில் காய்ப்புழுவுக்கு என்ன மருந்தடிக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். நானும் எங்கள் வீட்டுக்காரரும் நடு வெயிலில் நின்று, என்னவோ கச்சேரி கேட்பது போல் காய்ப்புழு முழுவதையும் கேட்டோம். ஏழெட்டுத் தடவை போட்டுப் போட்டு அணைத்தோம். எதிர் மாடி அம்மாவும் ஒவ்வொரு தடவையும் பார்த்தார். அவர் துணி கடைசி வரை காயப்போடவே இல்லை.

பரவை

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கே மண்டி வாசலில் காரை நிறுத்தினேன். கம்பி முழு உயரத்தில் நின்றது. லாரிகள், சாக்கு மூட்டைகள், கொத்தமல்லி மணம், ஒரே கூச்சல். பந்தலில் வாழை மரம். பலகையில் பெரிய எழுத்தில் தவமணி பெயர்.

வருகிற வழியெல்லாம் நான் சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆனால் இறங்குவதற்கு முன்பே, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தவமணி ஓடி வந்துவிட்டான். மெலிந்திருந்தான். என்னைப் பார்த்தான், கம்பியைப் பார்த்தான், முகம் வெளுத்துவிட்டது.

"மதினி, நீங்க வருவீகன்னு நெனைக்கவே இல்ல. உள்ள வர்றதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிக்கிறேன். அன்னைக்கு உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்."

"என்ன பொய்?"

"தொடவே இல்லன்னேன்ல? தொட்டேன் மதினி. இங்க வந்து ரேடியோவைப் போட்டேன், பாதியில நின்னுருச்சு. கூட்டாளிக அம்புட்டுப் பேரும் சுத்தி நிக்கிறாங்கெ. 'என்னா மாப்ள, தானா ஏறும்னியே, எங்க ஏறுது?'ன்னு ஒரே கேலி. ரோசத்துல துண்டைச் சுத்திப் புடிச்சு இழுத்துட்டேன். உள்ள 'மளுக்'குன்னுச்சு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்க வாசலுக்கு வர்றது? பத்திரிகைய எடுத்துக்கிட்டு உங்க தெரு முக்கு வரைக்கும் வந்தேன் மதினி. கால் வரலை. அண்ணன் கையில குடுத்துட்டு ஓடிட்டேன்."

எட்டு மாதமாக அவன் என் மேல் கோபமாக இருக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனோ வெட்கப்பட்டு ஒளிந்திருக்கிறான்.

ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு ஒரு கெட்ட புத்தி வந்தது. 'சரி விடுப்பா, போனது போகட்டும்' என்று பெரிய மனுஷியாகத் தலையை ஆட்டிவிட்டால் போதும். நான் சொன்ன தீர்ப்பு நிலைத்துவிடும். சந்தனக் கதை வெளியே தெரியாது. எங்கள் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்றைக்கும் இல்லாத அக்கறையோடு ஒரு சேனைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிக்கியைத் திறந்தேன். செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த பழைய கம்பியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"மோந்து பாரு."

மோந்தான். கண் விரிந்தது. "சந்தனம்!"

"ஆயுத பூசைக்கு நான் வச்சது. கணுவுக்குக் கணு வச்சு உள்ள இறக்கி விட்டேன். நீ சாவி வாங்க வர்றதுக்கு முந்தியே அதைக் கெடுத்தது நான்தான்."

"அப்ப... நான் ஒடைக்கலையா?"

"நீயும் ஒடைச்ச. பல்லு மழுங்குனது உன் கைங்கரியம். ஆனா நிப்பாட்டி வச்சது நான்." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினேன். "தவமணி, நான் அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி உன்னையப் பேசுனது தப்பு..."

"ஐயோ மதினி, பெரியவுக நீங்க போயி..."

"குறுக்க பேசாத! ரெண்டு நாளா மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கேன். முழுசாச் சொல்லி முடிச்சுக்கிறேன்."

சொல்லி முடித்தேன். அத்தனை பேர் முன்னால் பேசியதை இத்தனை பேர் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்று, சத்தமாகவே சொன்னேன். மூட்டை தூக்குகிறவர்கள் நின்று கேட்டார்கள். தவமணி துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான், நிற்கவே மாட்டேன் என்கிறது. ஈஸ்வரி வாசலில் வருகிறவர்களுக்கு நீட்டுகிற தட்டோடு வந்தாள். அவன் சந்தனக் கிண்ணத்தைத் தானே வாங்கி என் முன் நீட்டினான்.

"எடுத்துக்கோங்க மதினி. நெத்தியில மட்டும் வச்சுக்கோங்க. தராசு, லாரின்னு எதுலயும் தடவி விட்டுராதீக!"

மண்டியே சிரித்தது. சேனைக்கிழங்கு பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கு அவமானமாகவா இருந்தது? துளிகூட இல்லை. எட்டு மாதமாக நான் கேட்காத கேலி அது. நிறைந்து போய்விட்டேன்.

பால் காய்ச்சி, முதல் வியாபாரம் பார்த்து, இட்லி தின்று, கிளம்பும்போது மணி ஒன்பதாகிவிட்டது. டிக்கி நிறையக் காயை அடைத்து வைத்திருந்தான். நான் வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். தவமணி என் பக்கத்து ஜன்னலில் குனிந்தான். துண்டால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"என்னப்பா?"

"இல்ல மதினி... நாளன்னிக்கு ஞாயித்துக்கெழம. வரட்டுமா?"

சொந்த மண்டிக்கு முதலாளி. தலை நரைத்த ஆள். என் வீட்டுக்கு வர என்னிடமே அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறான். எனக்குக் கோபம் வந்தது, என் மேல்தான்.

"இன்னொரு தடவை இப்படிக் கேட்டுக்கிட்டு வந்தின்னா," என்றேன், "வீட்டுக்குள்ளயே விட மாட்டேன்."